ஹொனலூலு – நந்தி வான்வழி: தொலைவும் காலமும்

இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள தொலைவு மாறாதது; அத்தொலைவைக் கடப்பதற்கு வேண்டிய காலமோ மாறிக்கொண்டே வருவது. தரைமார்க்கமாகச் செல்வோர்க்கு இவ்வுண்மை அத்துணை வியப்பளிப்பதில்லை. வழியிற் சத்திரமும் சந்தையும் கிணறும் நிழலும் உண்டு. களைத்தவன் இருந்து எழுந்து செல்லலாம். நடுக்கடலிலே கிடக்கும் இரு தீவுகளுக்கிடையே செல்பவனுக்கு அத்தகைய வசதி கிடையாது. அவன் புறப்பட்டாற் போய்ச் சேர்தல் வேண்டும். இன்றேல் அழிதல் வேண்டும். ஆதலின் மனிதன் தொலைவை வென்ற வரலாற்றை அறிய விரும்புவோர், கண்டங்களுக்கிடைப்பட்ட வழிகளைக் காட்டிலும் தீவுகளுக்கிடைப்பட்ட வழிகளையே முதற்கண் ஆராய்தல் பொருத்தமாகும்.

அத்தகைய வழிகளுள் ஒன்று பசுபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளையும், அதன் தென்மேற்கே உள்ள பீஜித் தீவுகளையும் இணைப்பது. ஹவாயின் தலைநகரான ஹொனலூலுவின் விமான நிலையத்துக்கும், பீஜியின் பெருந்தீவாகிய விற்றி லெவுவின் மேற்குக் கரையிலுள்ள நந்தி விமான நிலையத்துக்கும் இடையே நேர்வழித் தொலைவு ஏறத்தாழ 3,170 மைல். அஃதாவது 5,100 கிலோமீற்றர். (அவ்வூரின் பெயர் 'நாடி' என்றே எழுதப்படினும் பீஜி மக்களின் நாவில் 'நந்தி' என ஒலிக்கும்.) இன்றைய ஜெற் விமானம் இத்தொலைவைக் கடக்க ஆறரை மணி முதல் ஏழு மணி வரை எடுக்கின்றது. இவ்வாறரை மணி நேரம் எவ்வாறு கிட்டியது, அதன்பொருட்டு யார் யார் எதனைக் கொடுத்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஓடமும் கப்பலும்

பீஜிக்கும் ஹவாய்க்கும் இடையே முதற் பயணம் எத்தனை நாள் எடுத்தது என வினவின், ஒருவகையில் அதற்கு விடை 'இரண்டாயிரம் ஆண்டுகள்' என்பதாகும். இக்கூற்று மிகையன்று. தொல்பொருளாராய்ச்சியாளர் கண்ட முடிபுகளின்படி, லப்பிற்றா மட்பாண்டங்களைச் செய்த மக்கள் இற்றைக்குச் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்னரே பீஜியிற் குடியேறிவிட்டனர். அங்கிருந்து தொங்கா, சமோவா ஆகிய தீவுகளுக்குப் பரவிய அம்மக்களின் வழித்தோன்றல்கள் பொலினீசியராயினர். அவர்கள் கிழக்கே தாகித்தி முதலிய தீவுகளை அடைந்து, பின்னர் வடக்கே திரும்பி ஹவாயை அடைந்தது கி. பி. 1000-க்கும் 1200-க்கும் இடைப்பட்ட காலத்திலாகும். ஆகவே, வரைபடத்தில் ஒரு சாண் அளவினதாகத் தோன்றும் இவ்விடைவெளி, மனித குலத்தின் ஒரு கிளைக்கு இருபது நூற்றாண்டுகள் எடுத்த வழியாகும்.

அவர்களிடம் காந்தவூசி இல்லை. எழுதிய வரைபடமும் இல்லை. விண்மீன்கள் எழும் இடத்தையும் விழும் இடத்தையும், அலைகளின் போக்கையும், மாலையிற் கரை நோக்கித் திரும்பும் பறவைகளையும், தீவின்மீது தங்கி நிற்கும் முகிலையும் கண்டே வழியறிந்தனர். இவ்வறிவு வெறுங் கற்பனை என்று கூறியோரும் ஒருகாலத்தில் இருந்தனர். 1976-ஆம் ஆண்டில் 'ஹொக்குலேயா' என்னும் இரட்டை ஓடம், மைக்குரோனீசியாவைச் சேர்ந்த மௌ பியைலுக் என்னும் மாலுமியின் வழிகாட்டலில், கருவி எதுவுமின்றி ஹவாயிலிருந்து தாகித்திக்கு ஏறத்தாழ ஒரு மாதத்திற் சென்று சேர்ந்தது. அதன்பின் அவ்வையம் நீங்கிற்று.

ஐரோப்பியருள் ரஸ்மன் 1643-இற் பீஜித் தீவுகளிற் சிலவற்றைக் கண்டான். கப்டன் குக் 1777 டிசம்பரில் கிறிஸ்மஸ் தீவைக் கண்டு, அங்கிருந்து வடக்கே சென்று 1778 சனவரியில் ஹவாயை அடைந்தான். எனவே ஐரோப்பியரும் இவ்விரு தீவுக் கூட்டங்களையும் அறிய ஒரு நூற்றாண்டுக்கு மேலான கால இடைவெளி வேண்டியதாயிற்று.

நீராவிக் கப்பலின் வரவு இந்நிலையை மாற்றியது. 1893-இல் சிட்னிக்கும் கனடாவின் வன்கூவருக்கும் இடையே ஒழுங்கான கப்பற் சேவை தொடங்கியது. பிற்காலத்தில் 'நயாகரா', 'அயொறாங்கி' முதலிய பெருங்கப்பல்கள் சுவாவையும் ஹொனலூலுவையும் தொட்டு இவ்வழியிற் சென்றன. மணிக்குப் பதினேழு கடல்மைல் செல்லும் கப்பலுக்குச் சுவாவிலிருந்து ஹொனலூலு சேர ஒரு வாரம் வேண்டும். 1902-இற் பசுபிக் சமுத்திரத்தின் அடியிலே இடப்பட்ட தந்திக் கம்பி, கனடாவிலிருந்து பானிங் தீவு வழியாகச் சுவாவை இணைத்தது. செய்தி சில நிமிடங்களிற் செல்லலாயிற்று. மனிதனுக்கோ இன்னும் ஒரு வாரம் தேவைப்பட்டது.

'தென்சிலுவை'யின் செலவு

1927 யூனில் ஐக்கிய அமெரிக்கப் படையைச் சேர்ந்த மெயிற்லண்ட், ஹெகன்பேகர் என்னும் இருவர், கலிபோணியாவின் ஓக்லண்டிலிருந்து ஹவாய்க்கு 25 மணி 50 நிமிடத்திற் பறந்தனர். அமெரிக்கக் கரையிலிருந்து ஹவாயை வானூடாக அடையலாம் என்பது உறுதியாயிற்று. ஆயினும் ஹவாய்க்குத் தெற்கே உள்ள கடலை அதுகாறும் எவரும் பறந்து கடந்திலர். அதனைச் செய்ய முன்வந்தவர் அவுஸ்திரேலியரான சாள்ஸ் கிங்ஸ்போட் சிமித்.

அவரும் அவருடைய நண்பர் சாள்ஸ் உல்மும் பெற்ற விமானம் புதியதன்று. துருவ ஆராய்ச்சியாளராகிய ஹியூபேட் வில்கின்ஸ் ஆர்க்டிக் பிரதேசத்திற் பயன்படுத்திய பொக்கர் விமானம் அது, மூன்று எஞ்சின்களையுடையது. அதற்கு வேண்டிய பொருளைக் கலிபோணியச் செல்வராகிய அலன் ஹன்கொக் உதவினார். தெற்கு வானத்தை அணிசெய்யும் விண்மீன் கூட்டத்தின் பெயரால் அது 'தென்சிலுவை' எனப் பெயர் பெற்றது. ஹரி லயன் என்னும் கப்பல் மாலுமி வழிகாட்டியாகவும், ஜேம்ஸ் வோணர் கம்பியில்லாத் தந்தியாளராகவும் சேர்ந்தனர். இவ்விருவரும் அமெரிக்கர்.

1928 மே 31-ஆம் திகதி காலை ஓக்லண்டிலிருந்து புறப்பட்ட 'தென்சிலுவை' 27 மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில், 2,400 மைல் கடந்து, ஹவாயின் வீலர் தளத்தில் இறங்கியது. அதன்பின் எதிர்ப்பட்டதே உண்மையான இடையூறு. பீஜிக்குச் செல்ல வேண்டிய பெற்றோல் முழுவதையும் ஏற்றினால், வீலர் தளத்தின் ஓடுபாதை விமானம் மேலெழப் போதாது. ஆகவே குறைந்த பாரத்துடன் கவாய் என்னும் அயற்றீவுக்குப் பறந்து, 'குரைக்கும் மணல்' எனப் பெயர்பெற்ற கடற்கரையில் அமைக்கப்பட்ட நீண்ட ஓடுபாதையிலிருந்து, யூன் 3-ஆம் திகதி விடியற்காலையில் அவர்கள் புறப்பட்டனர்.

அவர்கள் முன்னே கிடந்தது ஏறத்தாழ 3,140 மைல் கடல். வழியிலே இறங்குதற்கு ஓர் ஓடுபாதையும் இல்லை. பூமத்திய கோட்டை அண்டிய பகுதியிலே மழையும் புயலும் விமானத்தை அலைத்தன. விமானிகள் அமர்ந்த இடத்தின் பக்கங்கள் திறந்திருந்தமையால் அவர்கள் முற்றாக நனைந்தனர். எஞ்சின்களின் பேரொலியால் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கவில்லை. துண்டுக் காகிதங்களில் எழுதி ஒரு கோலின் நுனியிற் செருகி முன்னும் பின்னும் அனுப்பியே கருத்துப் பரிமாறினர். இரவு முழுதும் மழையூடே கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்க வேண்டியிருந்தது. 34 மணி 30 நிமிடத்தின் பின் சுவா நகரம் அவர்கள் கண்ணுக்குத் தென்பட்டது. மணிக்குச் சராசரி 91 மைல் வேகம். அக்காலம் வரையிற் கடல்மீது இடைவிடாது பறந்த செலவுகளுள் அது மிக நீண்டது.

சுவாவில் விமான நிலையம் என ஒன்று அன்று இருக்கவில்லை. கடற்கரையோரத்திலுள்ள அல்பேட் பூங்கா என்னும் விளையாட்டு மைதானமே இறங்குமிடமாகத் தெரியப்பட்டது. அதன் நீளம் சுமார் 400 யார். அங்கு நின்ற மரங்கள் வெட்டப்பட்டன. தந்திக் கம்பங்கள் அகற்றப்பட்டன. மைதானத்தின் எல்லை நெருங்கியபோது கிங்ஸ்போட் சிமித் விமானத்தைச் சடுதியாகத் திருப்பி நிறுத்தி விபத்தைத் தவிர்த்தார். அவர்கள் இறங்கியது பீஜியில் யூன் 5-ஆம் திகதி பிற்பகல். ஹவாயில் அப்பொழுது யூன் 4-ஆம் திகதியே. இம்முரண்பாட்டின் காரணம் பின்னர் கூறப்படும்.

பூங்காவிலிருந்து முழுப் பாரத்துடன் மேலெழுதல் இயலாமையால், அண்மையிலுள்ள நசெலாய்க் கடற்கரையிலிருந்து யூன் 8-ஆம் திகதி புறப்பட்டு, மறுநாட் காலை பிறிஸ்பேனை அடைந்தனர். பசுபிக் சமுத்திரம் முழுவதும் முதன்முறையாக வானூடாகக் கடக்கப்பட்டது. 1934-இல் அதே விமானி, பி. ஜி. ரெயிலர் என்பவருடன், 'லேடி சதேண் குறொஸ்' என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்திற் பிறிஸ்பேனிலிருந்து புறப்பட்டு, பீஜி, ஹவாய் வழியாக எதிர்த்திசையிலும் சென்றார். ஆறே ஆண்டுகளிற் பீஜி – ஹவாய்ப் பயணம் 34 மணியிலிருந்து ஏறத்தாழ 25 மணியாகக் குறைந்தது.

ஆயினும் இக்குறைவு விலையின்றிக் கிட்டவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் உல்ம் வேறொரு விமானத்தில் இருவருடன் ஹவாயை நோக்கி வருகையில், தீவைக் காணாது கடலில் மறைந்தார். 1935 நவம்பரில், இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் பறந்த கிங்ஸ்போட் சிமித், பர்மாக் கரைக்கு அப்பால் தம் துணைவருடன் காணாமற் போனார். சுவாவின் விளையாட்டு மைதானத்தில் இறங்கிய இரு விமானிகளும் ஏழரை ஆண்டுகளுக்குள் கடலுக்கே இரையாயினர்.

இடையிலோர் தீவு

வீரச் செயல் வேறு. ஒழுங்கான சேவை வேறு. வீரன் தன் உயிரைப் பணயம் வைக்கலாம். பயணிகளின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை ஒரு நிறுவனத்துக்கு இல்லை. 1930-களின் விமானங்கள், பெற்றோலுடன் பயணிகளையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு 3,170 மைலை ஒரே மூச்சிற் பறக்க வல்லன அல்ல. ஆகவே வழியில் ஓர் இடைத்தங்கல் இன்றியமையாததாயிற்று.

பான் அமெரிக்கன் நிறுவனம் முதலில் வேறு வழியை நாடியது. 1937 மார்ச்சில் எட்வின் மியூசிக் என்னும் கப்டன் நீரில் இறங்கவல்ல பறக்கும் படகு ஒன்றில் ஹொனலூலுவிலிருந்து கிங்மன் பாறைத்தொடர், பகோ பகோ வழியாக நியூசிலாந்தின் ஒக்லாந்தை அடைந்தார். கிங்மன் என்பது அலைமட்டத்துக்குச் சிறிதே உயர்ந்து நிற்கும் பவளப் பாறை. அங்கே நங்கூரமிட்ட கப்பலொன்றே நிலையமாக இருந்தது. 1938 சனவரி 11-ஆம் திகதி, பகோ பகோவிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் மியூசிக்கின் விமானம் வெடித்துச் சிதற, அவரும் துணைவர் அறுவரும் இறந்தனர். அவ்வழி கைவிடப்பட்டது.

அதற்குப் பதிலாகத் தெரியப்பட்டதே கன்ரன் தீவு. பீனிக்ஸ் கூட்டத்தைச் சேர்ந்த இப்பவளத்தீவு பூமத்திய கோட்டுக்குச் சற்றுத் தெற்கே கிடப்பது. 1854-இல் அங்கு உடைந்த திமிங்கில வேட்டைக் கப்பலின் பெயரே அதன் பெயராயிற்று. நன்னீர் அரிது; நிழல் அரிது; நிலையான குடிகளும் இருந்திலர். ஆயினும் இயற்கை அதற்கு அளித்த ஒரு சிறப்பு உண்டு. ஹொனலூலுவிலிருந்து கன்ரனுக்கு ஏறத்தாழ 1,900 மைல்; கன்ரனிலிருந்து நந்திக்கு ஏறத்தாழ 1,270 மைல். இரண்டையுங் கூட்டினால், நேர்வழித் தொலைவிலும் பத்து மைல்தானும் கூடுவதில்லை! அஃதாவது, உலக உருண்டைமீது ஹொனலூலுவையும் நந்தியையும் ஒரு நூலால் இழுத்துப் பிடித்தால், அந்நூல் ஏறக்குறையக் கன்ரன்மீதே கிடக்கும். மூவாயிரம் மைல் கடலிலே வேண்டிய இடத்தில் வேண்டிய தீவு கிடப்பது அரிதினும் அரிது.

அதுவரை எவரும் பொருட்படுத்தாத அத்தீவை இப்போது இரு வல்லரசுகள் உரிமை கோரின. 1937 யூன் 8-ஆம் திகதி நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண அமெரிக்க விஞ்ஞானிகளும் நியூசிலாந்து விஞ்ஞானிகளும் கன்ரனுக்குச் சென்றனர். கிரகணம் சில நிமிடங்களில் நீங்கியது. அவர்களை ஏற்றிவந்த அமெரிக்கக் கப்பலுக்கும் பிரித்தானியக் கப்பலுக்கும் இடையே எழுந்த பிணக்கு நீங்கவில்லை. ஈற்றில் 1939 ஏப்பிரலில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கன்ரன், எண்டபரி என்னும் இரு தீவுகளையும் 50 ஆண்டுகளுக்குக் கூட்டாக ஆள்வதென உடன்பட்டன. ஓர் ஓடுபாதைக்கும் நீர்ப்பரப்புக்குமாகச் செய்யப்பட்ட விந்தையான உடன்படிக்கை அது.

பான் அமெரிக்கன் தொழிலாளர் அங்கே கடனீரேரியின் பவளப் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்து, பறக்கும் படகு இறங்கத்தக்க நீர்ப்பாதையை அமைத்தனர். 1940 யூலையில் போயிங் 314 என்னும் பெரும் பறக்கும் படகுகள் கலிபோணியா – ஹொனலூலு – கன்ரன் – நூமியா – ஒக்லாந்து வழியில் ஒழுங்காகச் செல்லத் தொடங்கின. பின்னர் சுவாவும் தங்குமிடங்களுள் ஒன்றாயிற்று.

போர்க்காலம்

இச்சேவை நீடிக்கவில்லை. ஹவாயில் 1941 டிசம்பர் 7-ஆம் திகதி பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டபோது, 'பசிபிக் கிளிப்பர்' என்னும் பறக்கும் படகு ஹொனலூலு, கன்ரன், சுவா, நூமியா ஆகியவற்றைக் கடந்து ஒக்லாந்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. வந்த வழியே திரும்புதல் ஆபத்தாயிற்று. கப்டன் றொபேட் போட் தம் கலத்தை மேற்கு நோக்கியே செலுத்தி, அவுஸ்திரேலியா, சுரபாயா வழியாக நமது திருகோணமலைத் துறையில் இறக்கினார். அங்கிருந்து எழுந்தபோது ஓர் எஞ்சின் பழுதுற, மீண்டும் திருகோணமலைக்கே திரும்பி, அதனைச் செப்பனிட்ட பின் கராச்சி, ஆபிரிக்கா, தென்னமெரிக்கா வழியாக 1942 சனவரி 6-ஆம் திகதி நியூயோர்க்கை அடைந்தார். பசுபிக்கின் ஒரு வழி அடைபட்டமையால் உலகத்தையே சுற்ற நேர்ந்த இப்பயணத்தில், இலங்கைத் தீவும் ஒரு படியாக அமைந்தது.

போர் வான்வழியை அழிக்கவில்லை, அதனை விரிவாக்கியது. ஹவாயிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் குண்டுவீச்சு விமானங்களை அனுப்பக் கிறிஸ்மஸ் தீவு, கன்ரன், பீஜி, நியூ கலிடோனியா ஆகிய இடங்களிலே தரை ஓடுபாதைகள் விரைவாக அமைக்கப்பட்டன. நந்தியில் நியூசிலாந்தினர் தொடங்கிய வேலையை அமெரிக்கர் பெருக்கினர். கரும்புத் தோட்டங்களுக்கிடையே கிடந்த நந்தி, இவ்வாறே பசுபிக்கின் பெரு விமான நிலையங்களுள் ஒன்றாயிற்று.

இடைத்தீவைத் தவறவிட்டால் நேர்வது யாது என்பதை 1942 ஒக்டோபரில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். முதலாம் உலகப் போரிற் புகழ்பெற்ற விமானியாகிய எடி றிக்கன்பக்கர் பி-17 ரக விமானத்தில் ஹவாயிலிருந்து கன்ரனுக்குப் புறப்பட்டார். காற்றின் வேகத்தைக் கணித்ததிலும் வழிகாட்டுங் கருவியிலும் நேர்ந்த பிழையாற் கன்ரன் அவர்கள் கண்ணிற் படவேயில்லை. பெற்றோல் தீர்ந்து விமானம் கடலில் இறங்கியது. எண்மர் சிறு இறப்பர்த் தெப்பங்களில் ஏறினர். மழைநீரைப் பிழிந்து குடித்தும், கிட்டிய மீனையும் பறவையையும் உண்டும் 24 நாட்கள் மிதந்தனர். ஒருவர் இறக்க, எழுவர் மீட்கப்பட்டனர். பல மைல் அகலமுடைய தீவும், ஆயிரத்துத் தொளாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து நோக்குவோனுக்கு ஊசிமுனை அளவினதே. திசையில் ஒரு பாகைப் பிழை நேரின், கன்ரனை அடையும்போது விமானம் முப்பது மைலுக்கு மேல் விலகி நிற்கும்.

இவ்வாறு வழிதவறியோர்க்காக 1943-இல் ஒரு நூல் எழுதப்பட்டது. அதனை ஆக்கியவர் தஸ்மேனியரான ஹறோல்ட் கற்றி. 1931-இல் வைலி போஸ்ற் என்பவருடன் ஒன்பது நாட்களுக்குள் உலகைச் சுற்றிப் பறந்த வழிகாட்டி அவரே. 'தெப்ப நூல்' எனப் பெயரிய அந்நூலில், பறவை, அலை, முகில், விண்மீன் ஆகியவற்றைக் கொண்டு கரை காணும் பொலினீசிய முறைகளை அவர் விளக்கினார். வானொலியும் கருவியும் கைவிட்ட நிலையில் இருபதாம் நூற்றாண்டு விமானி, ஓடத்திற் சென்ற பழங்குடி மாலுமியிடமே பாடங் கேட்க நேர்ந்தமை சிந்திக்கத்தக்கது.

பயணிகள் விமானமும் ஜெற் விமானமும்

போர் முடிந்தபின் 1946-இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா ஆகிய மூன்று அரசுகளுக்கும் உரிய பிரித்தானிய பொதுநலவாய பசுபிக் விமானச் சேவை, சிட்னியிலிருந்து நந்தி, கன்ரன், ஹொனலூலு வழியாக வட அமெரிக்காவுக்குப் பறக்கத் தொடங்கியது. முதலில் டி. சி. 4 விமானங்களும், பின்னர் டி. சி. 6 விமானங்களும் பயன்பட்டன. மணிக்கு 300 மைல் அளவிற் செல்லும் டி. சி. 6 விமானம், கன்ரனில் இறங்கிப் பெற்றோல் நிரப்பும் நேரத்தையுஞ் சேர்த்து, நந்தியிலிருந்து ஹொனலூலுவை அரை நாளிற் சேர்ந்தது. 1954-இல் இவ்வழி குவாண்டாஸ் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று.

1959 யூலையில் குவாண்டாஸ் போயிங் 707 ஜெற் விமானங்களை இவ்வழியில் விட்டது. ஹொனலூலுவுக்கும் நந்திக்கும் இடையே அவ்விமானம் எங்கும் தரிக்க வேண்டியதில்லை. அரை நாட் பயணம் கால் நாளாயிற்று. இந்த ஆறு மணி நேர இலாபத்தை யாவரும் போற்றினர். அதன் மறுபுறத்தே ஒரு தீவின் வாழ்வு முடிந்தது. கன்ரனுக்கு மேலாக விமானங்கள் சென்றன; கன்ரனில் எவையும் இறங்கவில்லை. அறுபதுகளில் அமெரிக்க விண்வெளி ஓடங்களைத் தொடரும் நிலையமாக அது சிறிதுகாலம் பயன்பட்டது. பின்னர் அதுவும் நின்றது. 1979-இற் கிரிபாற்றி நாடு சுதந்திரம் பெற்றபோது கன்ரன் அதற்கு உரியதாயிற்று. அமெரிக்கா தன் உரிமையை உடன்படிக்கையாற் கைவிட்டது. இன்று அங்கு வாழ்வோர் சில பத்துப் பேரே. இரு வல்லரசுகள் பிணங்கிய தீவு, இரண்டு தலைமுறைக்குள் மீண்டும் பறவைகளின் உறைவிடமாயிற்று.

நந்தியின் விதி வேறு. கற்றி பீஜியிலேயே தங்கி 'பீஜி எயர்வேய்ஸ்' நிறுவனத்தை ஆரம்பித்தார். 1951 செப்டெம்பர் 1-ஆம் திகதி சிறு விமானமொன்றுடன் தீவுக்குள்ளேயே தொடங்கிய அச்சேவை, பின்னர் 'எயர் பசிபிக்' எனப் பெயர் மாறி, 2013-இல் மீண்டும் தன் பழம்பெயரையே பூண்டது. பிறர் தம் வசதிக்காக அமைத்த நிலையத்திலிருந்து, பீஜி மக்கள் தம் சொந்த விமானத்தில் ஹொனலூலுவுக்குப் பறக்கும் காலமும் வந்தது.

நந்தியைப் பற்றிக் கூறுமிடத்துத் தமிழ் மக்கள் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. 1879-இல் 'லியோனிடாஸ்' என்னும் பாய்க்கப்பல் இந்திய ஒப்பந்தக் கூலிகளின் முதற் கூட்டத்தைக் கல்கத்தாவிலிருந்து பீஜிக்குக் கொணர எழுபது நாட்கள் அளவில் எடுத்தது. 1903 முதல் சென்னையிலிருந்தும் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கொண்டுசெல்லப்பட்டனர். 1916 வரை சென்ற ஏறத்தாழ 60,000 பேரில் நான்கில் ஒரு பங்கினர் தென்னிந்தியர். அவர்கள் வழிவந்தோர் 1926-இல் நந்தியில் 'தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' நிறுவிப் பாடசாலைகள் அமைத்தனர். நந்தி நகரிலே இன்றும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் கோபுரம் நிமிர்ந்து நிற்கின்றது. கால் நாளிற் கடல் கடந்து வரும் பயணி, எழுபது நாட் கடற்பயணத்தின் நினைவுச் சின்னத்தை இறங்கிய ஊரிலேயே காணலாம்.

திகதிக் கோடும் கடிகாரமும்

இனி, முன்னர்ச் சுட்டிய முரண்பாட்டை நோக்குவோம். ஹொனலூலுவும் நந்தியும் நெடுங்கோட்டால் அதிகம் விலகியன அல்ல. அவற்றிடையே உள்ளது 25 பாகைக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியே. சூரியன் அதனைக் கடக்க ஒன்றரை மணிக்குச் சற்று மேல் எடுக்கும். ஆயினும் அவற்றிடையே சர்வதேசத் திகதிக் கோடு செல்கின்றமையால், நந்தியின் கடிகாரம் ஹொனலூலுவின் கடிகாரத்திலும் 22 மணி முன்னே நிற்கின்றது.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். திங்கட்கிழமை அதிகாலை 1 மணிக்கு ஹொனலூலுவை விட்டு ஏழு மணி நேரம் பறப்பவர், செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு நந்தியில் இறங்குவர். திங்கட்கிழமையின் பகல் முழுவதும் அவர் வாழ்நாளில் இல்லாதொழிந்தது. எதிர்த்திசையில், செவ்வாய்க்கிழமை இரவு 11 மணிக்கு நந்தியை விட்டு ஆறரை மணி நேரம் பறப்பவர், அதே செவ்வாய்க்கிழமை காலை 7.30 மணிக்கு ஹொனலூலுவை அடைவர். புறப்படுமுன்னரே போய்ச் சேர்ந்தவராவர். ஆதலாற் பயண நேரத்தைக் கணிக்க விழையும் மாணவன் இரு ஊர்க் கடிகாரங்களையும் கழித்துப் பார்த்தல் தவறு. இரு நேரங்களையும் கிறீன்விச் நேரமாக மாற்றிய பின்னரே கழித்தல் வேண்டும். 'தென்சிலுவை' யூன் 3-இற் புறப்பட்டு யூன் 5-இற் சேர்ந்தும், பறந்தது 34 மணி 30 நிமிடமே என்பதன் விளக்கம் இதுவே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஒரே தொலைவுக்குப் பல காலங்கள் வரிசையாக நிற்கின்றன. பொலினீசியர்க்கு இரண்டாயிரம் ஆண்டு. நீராவிக் கப்பலுக்கு ஒரு வாரம். 'தென்சிலுவை'க்கு 34 மணி 30 நிமிடம். கன்ரன் வழிச் சென்ற விமானத்துக்கு அரை நாள். ஜெற் விமானத்துக்குக் கால் நாள். 1959-க்குப் பின் இவ்வரிசை ஏறக்குறைய நின்றுவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பயண நேரம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திலது. பாதுகாப்பு மிகுந்தது, ஏறுவோர் தொகை பெருகியது, நேரம் மட்டும் அவ்வாறே உள்ளது. முன்னேற்றம் என்பது எக்காலத்தும் ஒரே வேகத்திற் செல்வதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மற்றொரு பாடமும் உண்டு. பெருங்கடல்களின் நடுவே உள்ள சிறு தீவுகளின் விதியை, அவற்றின் வளத்தைக் காட்டிலும், அவை பிறர் செல்லும் வழியில் எவ்விடத்தே கிடக்கின்றன என்பதே பெரும்பாலும் தீர்மானித்துள்ளது. வழி மாறினால் விதியும் மாறும். கன்ரன் தன் இருப்பிடம் ஒன்றையே நம்பி நின்றது. அது பயனற்றபோது வெறுமையாயிற்று. நந்தியில் உழுது பயிரிட்டு, பள்ளியுங் கோயிலும் எழுப்பிய மக்கள் இருந்தனர். அதனால் வழிகள் மாறியும் அவ்வூர் நிலைத்தது. கடல்வழிகளின் சந்தியிலே கிடக்கும் இலங்கையின் மாணவர், இவ்விரு தீவுகளின் வரலாற்றையும் ஒப்பிட்டுக் கற்றல் நன்று.

கால அட்டவணையில் 'ஆறு மணி முப்பது நிமிடம்' என ஒரே வரியில் அச்சிடப்பட்டிருக்கும் எண்ணுக்குப் பின்னே, விண்மீன் நோக்கி ஓடம் விட்டவனும், சுவா மைதானத்தில் மரம் வெட்டியவனும், பவளப் பாறையை வெடிவைத்துத் தகர்த்தவனும், தெப்பத்தில் இருபத்துநான்கு நாள் மிதந்தவனும், திரும்பி வாராத உல்மும் மியூசிக்கும் நிற்கின்றனர். தொலைவை மைலால் அளக்கலாம். அதனைக் கடந்த காலத்தை இவர்களாலேயே அளத்தல் வேண்டும்.